பார்த்து எழுதியவர்கள்

பரீட்சை ஹாலில் பக்கத்துப் பையனின் பேப்பரைப் பார்த்து எழுதினால், கையும் களவுமாகப் பிடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள். ஓவியத்தில் கதையே வேறு. அங்கே பல நூற்றாண்டுகளாக, பார்த்து எழுதாதவன்தான் தேறாதவன்!

'என்ன சார், ஓவியத்தைப் போய் எழுதுவது என்கிறீர்களே?' என்று கேட்பீர்கள். தமிழில் 'எழுது' என்றால் வரைவது என்றும் பொருள் உண்டு. கண்ணுக்கு மை 'எழுதுகிறோம்' இல்லையா? தெக்கத்திச் சீமையின் பழைய ஆட்கள் ஓவியரை 'படம் எழுதுறவர்' என்றுதான் சொல்வார்கள்.

எழுத்து என்றதும் இடைசெவல் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் உள்ள கரிசல்காட்டுக் கிராமம். வானம் பார்த்த பூமி. பருத்தியும் கம்பும் சோளமும் விளைந்த அந்தச் சின்ன ஊர், ஏறக்குறைய ஒரே வயதுள்ள இரண்டு எழுத்தாளர்களைத் தமிழுக்குத் தந்தது. கு.அழகிரிசாமி, கி.ராஜநாராயணன். இருவருமே கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள். இருவருக்குமே சாகித்ய அகாடமி விருது. முன்னவருக்கு 1970-ல் மறைவுக்குப் பிறகு, பின்னவருக்கு 1991-ல்.

பேனாவால் எழுதிய இந்த இருவரையும் நமக்குத் தெரியும். ஆனால், இடைசெவலுக்குப் பக்கத்து டவுனான கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு தூரிகையால் எழுதிய ஒருவரை எத்தனை பேருக்குத் தெரியும்? கொண்டையராஜு (1898-1976). பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் படம் உங்களுக்குத் தெரியும். உங்கள் பாட்டி தினமும் காலையில் கும்பிட்ட லட்சுமியோ முருகனோ, அவர் கையிலிருந்தோ அவர் சீடர்கள் கையிலிருந்தோ வந்தவராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அவரைப் புரிந்துகொள்ள, நாம் முதலில் திருவனந்தபுரம் வரை ஒரு நடை போய்வர வேண்டும். அங்கே ஒரு கதவு பூட்டிக் கிடக்கிறது.

*

1862. கிளிமானூரிலிருந்து 14 வயதுப் பையன் ஒருவனை அவனுடைய மாமா திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்து வருகிறார். பையன் நன்றாக வரைகிறான். மன்னர் ஆயில்யம் திருநாளுக்குப் பிடித்துவிடுகிறது. 'இங்கேயே தங்கி வரையட்டும்' என்கிறார். பையன் பெயர் ரவிவர்மா.

அரண்மனையில் அப்போது பெரிய கை ராமசாமி நாயக்கர். சிலர் ராமசாமி நாயுடு என்றும் எழுதுவார்கள். நம்ம மதுரைப் பக்கத்து ஓவியர் பரம்பரை. அன்றைக்கு அந்த ஊரில் எண்ணெய்ச் சாயத்தில், அதாவது ஆயில் பெயின்ட்டிங்கில், மனிதமுகம் எழுதத் தெரிந்தவர். பையனுக்கோ அதைக் கற்றே ஆக வேண்டும் என்ற வெறி. நாயக்கர் சொல்லித்தர மறுத்துவிட்டார் என்று ரவிவர்மாவின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

நாயக்கரைத் திட்டுவதற்கு முன் ஒரு நிமிடம். நான் பி.காம். படித்தவன், எதையும் கணக்குப் பார்த்தே பழக்கம். ராஜா கொடுக்கும் சம்பளம் ஒன்றே வருமானம். தெரிந்த வித்தை ஒன்றே மூலதனம். அதைத் தூக்கி, ராஜாவுக்கே செல்லமான ஒரு பையன் கையில் கொடுத்தால் நாளைக்குத் தன் சோற்றுக்கு யார் உத்தரவாதம்? இன்றைய கம்பெனிகள் ஃபார்முலாவை லாக்கரில் வைத்துப் பூட்டவில்லையா? அப்படித்தான் அவரும் பூட்டினார்.

ஆனால் பூட்டுக்கு ஒரு ஓட்டை இருந்தது. நாயக்கரிடம் வேலை கற்ற ஆறுமுகம் பிள்ளை என்பவர், குருவுக்குத் தெரியாமல் ராத்திரி நேரத்தில் வந்து, தனக்குத் தெரிந்ததைப் பையனுக்குக் காட்டிக்கொடுத்தாராம்.

1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரச குடும்பத்தை வரைய வந்தார். அவரும் சொல்லித்தர முன்வரவில்லை. மன்னர் சொன்னதால் ஒரு சலுகை மட்டும் கிடைத்தது. தான் வரையும்போது பையன் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

பார்க்கலாம். அவ்வளவுதான். ரவிவர்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஏன் போதுமானதாக இருந்தது? அங்கேதான் எண்ணெய்ச் சாயத்தின் சூட்சுமமே இருக்கிறது.

*

எண்ணெய்ச் சாயம் என்பது வண்ணப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது. நம்ம கரிசலில் நல்லெண்ணெய்க்கும் கடலை எண்ணெய்க்கும் குறைவில்லையே, அதில் குழைக்கக் கூடாதா என்றால், கூடாது. கடலை எண்ணெய் காயவே காயாது. நல்லெண்ணெய் காய்ந்தும் காயாமல் பிசுபிசுவென்று நிற்கும். ஆளிவிதை எண்ணெய்தான் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் குடித்துக் கெட்டியான தோலாக மாறும். அப்படி மாறும்போது சூடும் பிறக்கும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிப்பது உண்டு. கோவில்பட்டி தீப்பெட்டிக்குப் பேர்போன ஊர்; இதுவோ தீப்பெட்டியே தேவைப்படாத தீ!

தண்ணீர் வண்ணம் தொட்டதும் காயும். எண்ணெய் வண்ணம் நாள் கணக்கில் ஈரமாக இருக்கும். அதனால்தான் கன்னத்தின் வெளிச்சம் எங்கே முடிகிறது, தாடையின் நிழல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி இழைக்க முடிகிறது. தோலுக்குக் கீழே ரத்தம் ஓடுகிற மாதிரி முகம் உயிர் பெறுவது அதனால்தான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஓவியம் முடிந்துவிட்டால் அது எப்படிச் செய்யப்பட்டது என்பது மறைந்துவிடும். அடியில் பழுப்பு வண்ணத்தில் நிழல்களை மட்டும் போட்ட ஒரு படம் இருக்கும். அதன்மேல் தோல் நிறம். அதன்மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய வண்ணப் பூச்சு. கடைசியில் மூக்கு நுனியில் ஒரு புள்ளி வெளிச்சம். கீழே எண்ணெய் குறைவான பூச்சு, மேலே போகப்போக எண்ணெய் கூடுதல். மாற்றிச் செய்தால் சில வருடங்களில் மேல் தோல் வெடித்துவிடும். இந்த வரிசைதான் ரகசியம். முடிந்த படம் அந்த வரிசையைச் சொல்லாது. கட்டி முடித்த வீட்டைப் பார்த்து அஸ்திவாரம் எத்தனை அடி என்று சொல்ல முடியுமா?

ஜென்சன் பக்கத்தில் நின்ற பையன் பார்த்தது அந்த வரிசையை. பிறகு வீட்டில் உட்கார்ந்து, திரும்பத் திரும்பச் செய்து பார்த்துத் தன் கைக்குக் கொண்டுவந்தான். 1873-ல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில், தலையில் பூச்சரம் சூடும் நாயர் பெண்ணின் படத்துக்கு கவர்னரின் தங்கப் பதக்கம் அவனுக்குத்தான். மன்னிக்கவும், இனிமேல் 'அவருக்கு'.

*

'அவர் ஒரு மேதை, பார்த்தே கற்றுக்கொண்டார்' என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். மேதைகள் எல்லோருமே அப்படித்தான் கற்றார்கள். டிஷியனைப் பார்த்து ரூபன்ஸ் எழுதினார். ரூபன்ஸைப் பார்த்து டெலக்ரா எழுதினார். டெலக்ராவைப் பார்த்து வான்கோ எழுதினார். ஒரே சங்கிலி!

பாரிஸில் லூவ்ர் மியூசியம் 1793-ல் திறக்கப்பட்டபோதே, ஓவியர்கள் வந்து பார்த்து எழுத நாள் ஒதுக்கினார்கள். இன்றைக்கும் அனுமதி வாங்கிக்கொண்டு, மூலப்படத்தின் முன்னால் ஸ்டாண்டை நிறுத்தி நகல் எடுக்கிறார்கள். ஒரே ஒரு கண்டிஷன். நகல், மூலத்தின் அளவில் இருக்கக் கூடாது. பெரிதாகவோ சின்னதாகவோ இருக்க வேண்டும். நகலுக்கும் போலிக்கும் நடுவே அவர்கள் போட்ட கோடு அது.

சரி, பாரிஸ்காரனுக்கு லூவ்ர் இருக்கிறது. கோவில்பட்டிக்காரனுக்கு?

அதற்கும் ஒரு வழி பிறந்தது. வழியைத் திறந்தவர், கதவு பூட்டப்பட்ட அதே ரவிவர்மா. அவருடைய அசல் ஓவியங்கள் ராஜாக்களின் வரவேற்பறையில் தொங்கின. சாதாரண ஜனங்கள் பார்க்க வழியில்லை. 1894-ல் பம்பாயில் சொந்தமாக அச்சகம் ஆரம்பித்தார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியாக ஒரு கல்லில் படத்தைப் பிரித்து வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிக்கும் லித்தோ முறை. மேலே வார்னிஷ் பூசி, துணியில் எழுதிய எண்ணெய் ஓவியம் போலவே தோன்றச் செய்வார்கள். பெயரே 'ஓலியோகிராஃப்'.

கணக்குப் பிள்ளையாகப் பார்த்தால் ரவிவர்மாவுக்கு அது நஷ்ட வியாபாரம். கடன் ஏறியது. 1901-ல் அச்சகத்தை, அங்கே வேலை பார்த்த ஜெர்மன் நிபுணர் ஷ்லைஷருக்கு விற்றுவிட்டார். ஆனால் ஜனங்களின் கணக்கில் கொள்ளை லாபம். எண்ணெய் ஓவியத்தின் வெளிச்சமும் நிழலும் முதல்முறையாகச் சாமானியர் வீட்டுச் சுவருக்கு வந்தன. சகுந்தலையும் சரஸ்வதியும் லட்சுமியும் சட்டம் போட்டு மாட்டப்பட்டார்கள். வரையும் கை உள்ள ஒவ்வொரு பையனுக்கும் வீட்டுச் சுவரிலேயே ஒரு குரு வந்து உட்கார்ந்தார். துரோணரின் மண் பொம்மையை வைத்து ஏகலைவன் கற்ற மாதிரி. நல்லவேளை, இந்த துரோணர் கட்டைவிரல் கேட்கவில்லை.

*

இனி கொண்டையராஜுவுக்கு வருவோம்.

சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர். 1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். வெள்ளைக்காரர் காலத்து ஓவியப் பள்ளிகளின் பாடத்திட்டம் எப்படித் தெரியுமா? முதலில் தட்டையான படத்தைப் பார்த்து நகல். அது தேறினால் பிளாஸ்டர் சிலையைப் பார்த்து நகல். அதுவும் தேறினால்தான் உயிருள்ள மனிதன். அங்கேயும் பார்த்து எழுதுவதுதான் படிப்பு.

படித்துவிட்டு சர்க்கார் உத்தியோகம் தேடி உட்கார்ந்திருக்கலாம். அவர் திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குப் போனார். பிறகு நாடகக் கம்பெனியில் சேர்ந்து திரைச்சீலை எழுதினார். இன்றைக்கு அரண்மனை, நாளைக்குக் காடு, அடுத்து கைலாயம் என்று ஆள் உயரத்தை விடப் பெரிய துணிகளில் ஊர் ஊராக எழுதிக்கொண்டே போன வாழ்க்கை. 1940-களின் தொடக்கத்தில் கோவில்பட்டிக்கு வந்த இடத்தில் கம்பெனி கலைந்துபோயிற்று. அவர் அங்கேயே தங்கிவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். கலைந்த நாடகக் கம்பெனி ஓவியர். சொந்த ஊர் இல்லை. சுற்றிலும் கரிசல்காடு. நாயக்கருக்கு இருந்த அரண்மனை இவருக்கு இல்லை. கையில் இருந்தது வித்தை ஒன்றுதான். அதைப் பூட்டி வைக்க நாயக்கரைவிட இவருக்குத்தான் அதிகக் காரணம் இருந்தது.

இவர் பூட்டவில்லை. டி.எஸ்.சுப்பையா, டி.எஸ்.அருணாசலம், மு.ராமலிங்கம், செண்பகராமன் என்று வரிசையாகச் சீடர்களைச் சேர்த்தார். கோவில்பட்டியில் ஆர்ட் ஸ்டூடியோ வைத்துக் குருகுலம் மாதிரி நடத்தினார். குரு எழுதுவதைச் சீடன் பார்ப்பான், பார்த்ததை எழுதுவான், எழுதியதைக் குரு திருத்துவார். ஜென்சன் பக்கத்தில் ரவிவர்மா நின்ற அதே இடம். ஒரு வித்தியாசம், இங்கே கேள்வி கேட்டால் பதிலும் கிடைத்தது.

பக்கத்திலேயே சிவகாசி. அங்கே லித்தோ அச்சகங்கள் தீப்பெட்டி லேபிளில் ஆரம்பித்துக் காலண்டர் வரை வளர்ந்துகொண்டிருந்தன. ஜவுளிக்கடை, மளிகைக்கடை என்று வருஷம் பிறந்தால் எல்லோருக்கும் சாமி படம் போட்ட காலண்டர் வேண்டும். கோவில்பட்டியில் எழுதினார்கள், சிவகாசியில் அச்சடித்தார்கள், இந்தியாவே ஆணியடித்து மாட்டியது.

நியாயமாக ஒரு கேள்வி வரும். அப்படியானால் கொண்டையராஜு, ரவிவர்மாவின் நகல்தானா?

இரண்டு லட்சுமிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரவிவர்மாவின் லட்சுமி, ஓர் அழகான பெண்ணை நிற்கவைத்து எழுதிய மாதிரி இருப்பாள். 'நம்ம தெருப் பெண்ணுக்கு நாலு கை' என்று தோன்றும். கொண்டையராஜுவின் தெய்வங்கள் நேருக்கு நேராக உங்களைப் பார்க்கும். கன்னத்து உருட்சியும் பக்கவாட்டு வெளிச்சமும் எண்ணெய் ஓவியப் பாடம். நேர்கொண்ட பார்வை கர்ப்பக்கிருகப் பாடம். அவருடைய மீனாட்சி கல்யாணம் படத்தைப் பார்த்தால், மதுரைக் கோயில் கம்பத்தடி மண்டபத்துத் திருக்கல்யாணச் சிற்பம் ஞாபகத்துக்கு வரும். ரவிவர்மாவைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், நாடக மேடையைப் பார்த்தார். மூன்றையும் பார்த்து எழுதியதில் நான்காவதாக ஒன்று பிறந்தது.

நன்றாகப் பார்த்து எழுதுகிறவன், பார்த்ததை மட்டும் எழுதுவதில்லை. இதுதான் இந்த வரலாறு சொல்லும் சேதி.

*

இதே கைகள் இன்னொரு வேலையையும் செய்தன. கோவில்பட்டி என்று இல்லை, எந்தத் தமிழ்நாட்டு டவுன் ஓவியரின் கடைக்கும் அந்த வாடிக்கையாளர் வந்திருப்பார். மடித்துக் கட்டிய வேட்டி, மஞ்சள் பைக்குள் தபால்தலை அளவில் ஒரு போட்டோ. "அண்ணாச்சி, எங்கய்யா படம் இது ஒண்ணுதான் இருக்கு. பெருசா கலர்ல எழுதித் தாங்க. சிரிச்ச மொகமா இருக்கணும்."

ஓவியர் போட்டோ மீது பென்சிலால் கட்டம் போடுவார். பெரிய துணியில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம். கட்டத்துக்குக் கட்டம் பார்த்துப் பார்த்து முகத்தை ஏற்றுவார். கறுப்பு வெள்ளைப் போட்டோவில் தோல் நிறம் கிடையாது. கரிசல்காட்டு வெயிலில் நின்ற மனிதரின் நிறம் வெளிநாட்டுப் புத்தகத்திலும் கிடையாது. அதை அவர் தெருவில் நடக்கிற மனிதர்களிடமிருந்து எடுப்பார். படம் வந்ததும் வீட்டுக்காரம்மா, 'அய்யாவேதான்' என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதால் பாஸ். இல்லையென்றால் மறுபடி எழுத வேண்டியதுதான். அதைவிடக் கடினமான பரீட்சை எந்த ஓவியக் கல்லூரியிலும் கிடையாது.

2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் பேனர் வந்தது. கம்ப்யூட்டர் பத்து நிமிடத்தில் முகத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தது. விலையும் மலிவு. கட்டம் போட்ட கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ரவிவர்மாவின் படைப்புகளை 1979-ல் தேசியக் கலைச் செல்வம் என்று அரசு அறிவித்தது. 2023-ல் அவருடைய ஒரு யசோதை-கிருஷ்ணன் ஓவியம் 38 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. அவரைப் பார்த்துக் கற்றவர்களின் கைவேலையோ ஜனவரி ஒன்றாம் தேதி பழைய காலண்டரோடு குப்பைக்குப் போனது. வரலாறு எல்லோருக்கும் ஒரே தராசில் நிறுப்பதில்லை.

*

உங்களில் யாருக்காவது கை துறுதுறுக்கிறதா? தாராளமாக ஆரம்பிக்கலாம். ரவிவர்மாவின் ஒரு முகத்தை நல்ல அச்சில் எடுத்துக்கொள்ளுங்கள். நகை, பட்டுச்சேலை, தூண் எல்லாம் அப்புறம். முதலில் முகம் மட்டும். கட்டம் போட்டு ஏற்றுங்கள். பர்ன்ட் அம்பர் என்கிற பழுப்பை டர்பன்டைனில் கரைத்து நிழலை மட்டும் போட்டுக் காயவிடுங்கள். பிறகு வெள்ளை, மஞ்சள் ஓக்கர், சிவப்பு மூன்றையும் கலந்து தோல். நிழலில் துளி பச்சை. அவசரம் கூடாது. முழுசாகக் காய்ந்து வார்னிஷ் அடிக்க ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும்.

எதைப் பார்த்து எழுதுகிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் கையில் விளக்கோடு நிற்கும் பெண்ணின் படம் இருக்கிறதே, அதை ரவிவர்மா எழுதியது என்று பலர் சொல்வார்கள். இல்லை, எழுதியவர் ஹல்தன்கர். அது எண்ணெய் ஓவியமும் இல்லை, தண்ணீர் வண்ணம். அதே உத்தியை எண்ணெய்ச் சாயத்தில் தேடினால் கிடைக்காது.

எழுதி முடித்தால், மூலையில் உங்கள் பெயரை மட்டும் போடாதீர்கள். 'ரவிவர்மாவைப் பார்த்து எழுதியது' என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரிதான் மாணவனையும் திருடனையும் பிரிக்கிற வரி.

கிராமத்துப் பூர்விக வீட்டில் பழைய சாமி படம் ஏதாவது சட்டத்துக்குள் மிச்சமிருந்தால், தூசியைத் துடைத்து அடிமூலையைப் பாருங்கள். 'சி.கொண்டையராஜு' என்ற பெயருக்குப் பக்கத்திலேயே, சமமாக, 'டி.எஸ்.சுப்பையா' என்ற பெயரும் இருக்கலாம். குருவும் சீடனும் ஒரே படத்தில் சேர்ந்து போட்ட கையெழுத்து.

ராமசாமி நாயக்கர் திறமையில் குறைந்தவர் அல்ல. ஆனால் அவர் பெயர் இன்று பெரும்பாலும் ரவிவர்மாவின் கதையில் ஒரு பத்தியாகத்தான் வருகிறது, அதுவும் கதவைப் பூட்டியவராக. கோவில்பட்டிக்காரர் தன் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயருக்கு இடம் விட்டார். அந்த இடத்தில்தான் ஒரு பரம்பரையே வந்து உட்கார்ந்தது.